ஆறாவது கட்டு

என் அண்ணி ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறார் என்று சொன்னால், "நர்ஸா?" என்று கேட்பார்கள். இல்லை. ஆபரேஷனுக்கு வேண்டிய கத்தி, கத்தரி, இடுக்கி எல்லாவற்றையும் கழுவி, துணியில் கட்டி, நீராவி மிஷினில் வைத்துக் கிருமி இல்லாமல் மேலே அனுப்புகிற அறையில் அவருக்கு வேலை. கட்டடத்தின் அடித்தளத்தில், ஜன்னல் இல்லாத அறை. வெளியே மழையா வெயிலா என்பதே சாயங்காலம் படியேறி வந்தால்தான் தெரியும். அங்கே இருபத்தாறு வருஷம் இருந்தார்.

அங்கே அவருக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு: 'வெந்துச்சா அக்கா'. கட்டுகளின் மேல் ஒரு டேப் ஒட்டுவார்கள். அதில் வெளிறிய கோடுகள் இருக்கும். சூடு பட்டதும் கறுத்துவிடும். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள், "அக்கா, கோடு கறுத்துடுச்சு, அனுப்பிடலாமா?" என்பார்கள். அண்ணி அசைய மாட்டார். "கோடு கறுத்தா சூடு பட்டுச்சுன்னு அர்த்தம். வெந்துச்சுன்னு அர்த்தமில்ல. வெந்துச்சா?" மிஷினின் பக்கவாட்டிலிருந்து பஸ் டிக்கெட் மாதிரி ஒரு சுருள் காகிதம் வரும். எத்தனை டிகிரி, எத்தனை நிமிஷம் என்று அதில் அச்சாகியிருக்கும். அதைக் கிழித்து, வரி வரியாக விரல் வைத்துப் படித்த பிறகுதான் நோட்டில் கையெழுத்துப் போடுவார். மேலே டாக்டர் கத்தினாலும் சரி, லிப்ட் கதவைப் பிடித்துக்கொண்டு ஆள் நின்றாலும் சரி. பார்க்காமல் கையெழுத்துப் போடுவதில்லை என்பது அவருடைய சட்டம்.

நான் அப்படி இல்லை. பெயின்ட் கடையில் நிறம் கலக்கிறவன். ஒருவர் சுவரிலிருந்து பெயர்த்த சில்லைக் கொண்டுவந்து இதே நிறம் வேண்டும் என்பார். நான் கலந்தது ஒரு பிடி கூடுதலாக மஞ்சளடிக்கும். "காய்ஞ்சா சரியாயிடும் சார்" என்று அனுப்பிவிடுவேன். காய்ந்தால் சரியாகாது. அவரும் திரும்பி வரமாட்டார். இந்தக் கதையில் நான் யார் என்று தெரிய வேண்டுமே, அதற்காகச் சொல்கிறேன்.

அண்ணனும் அண்ணியும் தரைத்தளத்தில், நான் மாடியில். எனக்குக் குடும்பம் இல்லை. அண்ணன் கட்டட வேலைகளில் கிரேன் ஓட்டினவர். ஒரு காலையில் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தபோதே வலது பக்கம் விழுந்துபோயிற்று. நாலாவது பொத்தானில் நின்றது கை. பேச்சில் மூன்றே வார்த்தைகள் மிஞ்சின. 'சரி' ஒன்று, 'போதும்' ஒன்று. மூன்றாவதை இங்கே எழுத முடியாது. முதல் இரண்டும் குழறும். மூன்றாவது மட்டும் வானொலிச் செய்தி மாதிரி சுத்தமாக வரும். பிசியோதெரபி செய்ய வந்த பெண் முதல் நாளே அதை வாங்கிக்கட்டிக்கொண்டு, "பரவாயில்லை, உச்சரிப்பு நல்லாயிருக்கு" என்று சொன்னது. அண்ணி அன்றைக்குச் சிரித்தார். அந்த வருஷத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் என்று நினைக்கிறேன்.

அண்ணிக்கு ஒரு வழக்கம். விடியற்காலை ஐந்து மணிக்குச் சமையலறையில் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டுப் பத்து நிமிஷம் உட்காருவார். படம் இல்லை, புத்தகம் இல்லை. கண்ணை மூடி, கைகளை மடியில் வைத்து, அவ்வளவுதான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இதைப் பார்க்கிறேன். எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது; கேலியும் செய்ததில்லை. அந்தப் பத்து நிமிஷம் யாரும் குழாயைத் திறக்கக்கூடாது என்பதுதான் என் வரையில் அவருடைய கடவுள்.

அண்ணன் விழுந்து இரண்டு வருஷமான சமயம். ஒருநாள் நானும் அண்ணியும் படுக்கை விரிப்பை ஆளுக்கொரு பக்கம் பிடித்து மாற்றிக்கொண்டிருந்தோம். திடீரென்று சொன்னார்.

"தம்பி, ரெண்டு வருஷமா நான் சும்மாதான் உக்காந்திருக்கேன். ஒரு வார்த்தை வரமாட்டேங்குது. மாத்திரை இருக்கா, சோப்பு இருக்கா, அதுதான் மண்டைக்குள்ள ஓடுது. அந்தப் பக்கம் யாரும் இருக்கிற மாதிரியே தெரியல."

"அப்ப எதுக்கு அண்ணி? அந்தப் பத்து நிமிஷம் படுத்துத் தூங்கலாம்ல?"

விரிப்பின் ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகினார். "உக்காராம விட்டா நான் விட்டுட்டேன்னு ஆயிடும். இருக்கட்டும். விட்டது அவர்தான்னு இருக்கட்டும்."

கடவுளோடு பேச்சுவார்த்தை இல்லாமல் ஒரே வீட்டில் குடித்தனம் நடத்துகிற மாதிரி சொன்னார். நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

எங்களுக்குள் ஓர் ஏற்பாடு இருந்தது. தினமும் காலை ஆறு மணிக்கு நான் இறங்கி வந்து அண்ணனைத் தூக்கிக் குளியலறைக்குக் கூட்டிப்போவேன். பிறகு நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுப் போவேன். பகலில் பார்த்துக்கொள்ள ஓர் அம்மா ஏழு மணிக்கு வருவார். அண்ணி ஆறரைக்குக் கிளம்பிவிடுவார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை நான் இறங்கி வரவில்லை. காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. அலாரத்தை அணைத்துவிட்டு இன்னும் ஐந்து நிமிஷம் என்று திரும்பிப் படுத்தேன்; விழித்தபோது ஏழரை. கீழே வந்தால் அண்ணன் நாற்காலியில் இருக்கிறார், முழங்கையில் பெரிய கட்டு. பகல் அம்மாதான் சொன்னார். ஆறே கால் வரை எனக்காகக் காத்திருந்துவிட்டு அண்ணி தானே அவரைக் கூட்டிப்போயிருக்கிறார். ஈரத்தில் அண்ணன் வழுக்கி விழ, இவரும் கூடவே விழுந்திருக்கிறார். படுக்கை விரிப்பை அண்ணனின் அக்குளுக்கடியில் சுற்றி இழுத்து, கதவில் முதுகை முட்டுக்கொடுத்து, அரைமணி நேரம் போராடித் தூக்கியிருக்கிறார். அண்ணன் எடை எழுபத்தெட்டு கிலோ. அண்ணியை நிறுத்துப் பார்த்தால் ஐம்பது தேறாது.

"மாடிக்கு ஒரு குரல் கொடுத்திருக்கலாமே" என்றேன் அந்த அம்மாவிடம்.

"கொடுத்தாங்களாம். நீங்க எந்திரிக்கல."

அண்ணி வேலைக்கு ஒரு மணி நேரம் தாமதமாகப் போயிருக்கிறார். அங்கே இரண்டு பேர் லீவு. மேலே ஆபரேஷன் பட்டியல் காத்திருந்தது. முதல் சுற்றில் ஆறு கட்டுகள், மிஷினில் ஏற்றியிருந்தார்கள். அது பழைய மிஷின். நடுவில் மின்சாரம் ஒரு கணம் போய் வந்திருக்கிறது. போய் வந்தால் அந்த மிஷின் விட்ட இடத்திலிருந்து தொடராது. வேலை முடிந்ததாக நினைத்துக்கொண்டு கதவைத் திறந்துவிடும். இது அண்ணிக்கு நன்றாகத் தெரியும். புதியவர்களுக்கு அவர்தான் சொல்லித்தருவார். கட்டுக்குள்ளே வைக்கிற சோதனைப் பட்டை அந்த வாரம் தீர்ந்துபோயிருந்தது. ஆகவே காகிதம் ஒன்றுதான் சாட்சி.

அன்று கதவு திறந்தது. கோடுகள் கறுத்திருந்தன. அண்ணி நோட்டை இழுத்துக் கையெழுத்துப் போட்டார். காகிதம் மிஷினின் பக்கத்திலேயே சுருண்டு தொங்கிக்கொண்டிருந்தது.

"பாத்தேன்னுதான் தம்பி நெனச்சேன்" என்று பிறகு என்னிடம் சொன்னார். "பொய் சொல்லல. இருபத்தாறு வருஷமா பாத்த ஞாபகம் இருக்குல்ல, அதுல ஒண்ணு எனக்கு ஞாபகம் வந்துடுச்சு. கை அதுபாட்டுக்குப் போட்டுருச்சு."

மத்தியானம் இரண்டு மணிக்கு அடுத்த சுற்றின் காகிதத்தைக் கிழிக்கப் போனபோது பழையதும் கூடவே வந்தது. இருபது நிமிஷம் நிற்க வேண்டிய சூடு ஏழு நிமிஷம்தான் நின்றிருந்தது. பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்துவிட்டாராம். பிறகு ஓடிப்போய் மேலே அலமாரியிலிருந்து கட்டுகளை இறக்கினார். ஐந்து இருந்தன. ஆறாவதைக் காலையிலேயே பிரித்துவிட்டார்கள். முடி வெட்டுகிற ஒருவருக்குக் கட்டை விரல் மடங்கி மடங்கி நின்றுகொள்கிற கோளாறு, சின்ன ஆபரேஷன். முடிந்து கட்டுப்போட்டு வீட்டுக்கே போய்விட்டார்.

அண்ணி நேரே பெரிய சிஸ்டரிடம் போனார். அவர் நல்ல மனுஷி, அண்ணிக்குப் பதினைந்து வருஷப் பழக்கம். காகிதத்தைப் பார்த்தார். கதவைச் சாத்தினார்.

"அஞ்சு கட்டையும் எடுத்தாச்சுல்ல? மறுபடி போட்டாச்சா?"

"போட்டாச்சு."

"அப்ப முடிஞ்சுது. ஏழு நிமிஷம் ஆவி பட்டிருக்கு. அதுக்கு முன்னாடி நல்லாக் கழுவியிருக்கு. ஒண்ணும் ஆகாது. நீ ரிட்டயர் ஆக இன்னும் எவ்வளவு இருக்கு?"

"பதினோரு மாசம்."

"பாத்தியா. எழுதினா உன் பேர் போகும், என் பேர் போகும், அந்த டாக்டர் பேர் போகும். அந்த ஆளுக்கு வீணா பயம். வீட்டுக்குப் போ. மொகத்தைப் பாரு, பேயறைஞ்ச மாதிரி இருக்கு."

வீட்டுக்கு வந்தார். சாயங்காலம் நான் கடையிலிருந்து திரும்பியதும் கீழே போனேன், காலையில் தூங்கிப்போனதற்கு ஏதாவது சொல்லலாம் என்று. அவர் அண்ணனுடைய முழங்கைக் கட்டை மாற்றிக்கொண்டிருந்தார். என் தப்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

நான் என்ன சொன்னேன் என்று நினைக்கிறீர்கள்? பெரிய சிஸ்டர் சொன்னதையேதான். "ஒண்ணும் ஆகாது அண்ணி. நாலு நாள்ல எல்லாம் சரியாயிடும்." சொல்லும்போதே என் கடைக் குரல் என் காதில் விழுந்தது. இன்னொன்றும் உண்டு. அவர் எழுதிக் கொடுத்து விசாரணை வந்தால், ஏன் தாமதம், ஏன் களைப்பு என்று கேட்பார்கள். கேட்டால் அந்தக் கயிறு என் அலாரத்தில் வந்து நிற்கும். அது எனக்கு வேண்டாம்.

"நீ சொல்றதும் சரிதான்" என்றார். அண்ணன் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்து, மூன்றாவது வார்த்தையைச் சொன்னார். யாரைச் சொன்னார் என்று தெரியவில்லை.

மறுநாள் நான் ஐந்து மணிக்கே இறங்கிவிட்டேன். குற்ற உணர்ச்சிக்கு அலாரம் தேவையில்லை. அண்ணி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பத்து நிமிஷம் ஆயிற்று. இருபதாயிற்று. எழுந்திருக்கவில்லை. நான் குழாயைத் திறக்காமல் நின்றுகொண்டே இருந்தேன். கடைசியில் கண்ணைத் திறந்தார்.

"ஏதாவது வந்துச்சா அண்ணி?"

"என்ன வரும்? ஒண்ணும் வரல." எழுந்திருக்க முழங்காலில் கையை ஊன்றினார். "உக்காந்து உக்காந்து ஒண்ணு மட்டும் புரியுது. நான் ரொம்ப ஒழுங்கானவள்னு நெனச்சிட்டிருந்தேன். ஒழுங்கெல்லாம் இல்ல தம்பி, பழக்கம். பழக்கம் இருக்கிற வரைக்கும் நான் எதையும் யோசிக்கவே வேண்டியிருந்ததில்ல. அதுவே நேத்து அறுந்துபோச்சு. இப்ப நான் நெஜமாவே அப்படிப்பட்ட ஆளா இல்லையான்னு இன்னைக்குத்தான் பாக்கணும்."

"இன்னைக்கே பாக்கணுமா?"

"வேற என்னைக்கு?"

இதில் வீரம் எதுவும் இல்லை. குரலில் சலிப்புத்தான் இருந்தது, சேர்ந்துபோன துணியைத் துவைக்கப் போகிறவர் மாதிரி. அன்று காலை ஒரு முழுத் தாளில், நடந்ததை நேரம் போட்டு எழுதினார். காகிதத்தையும் அதோடு குத்தி, பெரிய சிஸ்டரின் மேஜையில் வைத்தார். என்னையோ, என் தூக்கத்தையோ அதில் எழுதவில்லை. 'உடல் களைப்பு' என்றுகூட எழுதவில்லையாம். 'நான் பார்க்கவில்லை' என்று மட்டும்.

பெரிய சிஸ்டர் படித்துவிட்டு நிமிராமலேயே, "உனக்குக் கடவுள் பக்தி ஜாஸ்தி" என்றாராம், குறை சொல்கிற குரலில். அண்ணிக்கு அது வலித்திருக்கிறது. இல்லாத ஒன்றுக்குப் பேர் வாங்கிக்கொண்ட மாதிரி.

டாக்டர் கத்தினார். நியாயம்தான். முடிவெட்டுகிறவருக்கு அன்றே போன் போட்டு வரவழைத்து, ரத்தம் எடுத்து, மருந்து கொடுத்து, பத்து நாளைக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்து காயத்தைக் காட்டச் சொன்னார்கள். மிஷினில் கோளாறு என்று அவரிடம் சொன்னார்கள். அது பொய்யும் இல்லை.

இரண்டாவது தடவை அவர் வந்தபோது, கட்டு மாற்றும் அறைக்கு வெளியே பெஞ்சில் அவர் பக்கத்தில் அண்ணி போய் உட்கார்ந்தார். யாரும் போகச் சொல்லவில்லை.

"நான் கீழ வேலை பாக்குறேன். உங்களுக்கு வெச்ச சாமானை அனுப்பினது நான்தான்."

"மிஷின் ரிப்பேர்னாங்க?"

"மிஷின்தான். அதைப் பாக்க வேண்டியது நான். பாக்காம கையெழுத்துப் போட்டுட்டேன்."

அவருக்கு நாற்பது வயதிருக்கும். கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அண்ணி பக்கம் திரும்பினார்.

"சரி. அதை எதுக்கு இப்ப எங்கிட்ட வந்து சொல்றீங்க? மிஷின்னு நெனச்சேன், பாதித் தூக்கமாவது வந்துச்சு. இனிமே உங்க மொகம்தான் வரும். உங்க பாரத்தை இறக்க என் தலைதான் கெடச்சுதா?"

மன்னிச்சிடுங்க என்று சொல்லப் போன அண்ணி, அதைக் கேட்பதுகூட அவரிடமிருந்து இன்னொன்றைப் பிடுங்குவதாக இருக்கும் என்று தோன்ற, சும்மா இருந்துவிட்டார். உள்ளே கூப்பிட்டார்கள். அவர் எழுந்து போனார்.

"அவர் சொன்னது சரிதான்" என்றார் அண்ணி என்னிடம். "எழுதிக் கொடுத்தது அவருக்காக. பெஞ்சுல போய் உக்காந்தது எனக்காக. ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சிட்டேன்."

நான் அவரை எத்தனையோ தடவை நல்லவர் என்று நினைத்திருக்கிறேன். அன்றைக்குத்தான் அது எவ்வளவு அலுப்பான வேலை என்று தெரிந்தது. நல்லது செய்துவிட்டு, அதிலும் எது தனக்கு, எது பிறருக்கு என்று பிரித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே.

விசாரணை நடந்தது. தாமதத்துக்குக் காரணம் கேட்டார்கள். வீட்டில் ஒருவர் விழுந்துவிட்டார் என்று சொன்னார், அத்தோடு விட்டுவிட்டார்கள். என் பெயர் வரவேயில்லை. வராமல் போனதும் எனக்குச் சுகமாக இல்லை. ஒரு வாரம் கழித்து நானே அவரிடம், "அன்னைக்கு நான் எந்திரிச்சிருந்தா இதெல்லாம் நடந்திருக்காது" என்று சொன்னேன். "நடந்திருக்காது" என்றார். அவ்வளவுதான். இல்லை தம்பி, உன் தப்பில்லை என்று சொல்வார் என எதிர்பார்த்துப் போயிருந்தேன்.

அண்ணியை மிஷின் அறையிலிருந்து எடுத்துத் துணிப் பிரிவில் போட்டார்கள். சலவையிலிருந்து வருகிற பச்சைத் துணிகளை வெளிச்சத்தில் பிடித்து, ஓட்டை இருக்கிறதா என்று பார்த்து மடிக்கிற வேலை. இனிமேல் ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும் என்று புது விதி வந்தது. ஏற்கெனவே ஆள் போதாத அறை. ஒருவர் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து மற்றவருக்காகக் காத்திருக்க வேண்டியதாயிற்று. இருபத்தாறு வருஷம் அவரிடம் வேலை கற்றவர்கள், சாப்பாட்டு இடைவேளையில் அவர் வந்து உட்கார்ந்தால் பேச்சைக் குறைத்தார்கள். "நல்லது பண்றேன்னு எங்க தலையில கட்டிட்டுப் போயிட்டாங்க" என்று ஒரு பெண் அவர் காதுபடவே சொன்னது. அண்ணி டப்பாவை மூடிக்கொண்டு வேறு மேஜைக்குப் போனார்.

முடிவெட்டுகிறவரின் காயம் ஆறிவிட்டது, ரத்தப் பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று மூன்றாவது வாரம் துணிப் பிரிவுக்குச் செய்தி வந்தது. பெரிய சிஸ்டரே இறங்கி வந்து சொன்னார். "நான்தான் அப்பவே சொன்னேனே" என்றும் சொன்னார்.

அதற்குப் பிறகு நான் ஒரு காரியம் செய்தேன். அந்த முடிவெட்டுகிறவரின் கடை, என் கடையிலிருந்து நாலு தெரு தள்ளி இருக்கிறது என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். யார் என்று சொல்லவில்லை. அவருடைய கட்டை விரலையே கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தேன். கத்தரி தடங்கல் இல்லாமல் ஓடியது. அடியில் வெள்ளையாக ஒரு தழும்பு, நகம் நீளம்கூட இல்லை.

"கைக்கு என்னங்க?" என்றேன்.

அவ்வளவுதான், ஆரம்பித்துவிட்டார். பெஞ்சில் காத்திருந்த இரண்டு பேரும் ஏற்கெனவே கேட்டிருப்பார்கள் போல, சிரித்துக்கொண்டு நிமிர்ந்தார்கள். "ஆஸ்பத்திரியில துருப்பிடிச்ச கத்தியை வெச்சு அறுத்துட்டாங்க சார். அப்புறம் ஒரு அம்மா வந்து கால்ல விழுந்து ஒரே அழுகை. எந்திரும்மான்னு நான்தான் தூக்கி விட்டேன். ஏம்மா, தெரியாம நடந்ததுதானேன்னு சொல்லி அனுப்பினேன்." அவர் சொல்கிற விதத்தில் பொய் என்று தோன்றவில்லை. அன்று ஆஸ்பத்திரி பெஞ்சில் தான் சொல்லியிருக்க வேண்டியது அதுதான் என்று இப்போது தோன்றுகிறதோ என்னவோ. அவர் கையில் சவரக் கத்தி, என் கழுத்தில் சோப்பு நுரை. அண்ணி அழவில்லை, காலில் விழவும் இல்லை என்று நான் எப்படிச் சொல்வது? தலையை மட்டும் ஆட்டாமல் உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்கு வந்தபோது அண்ணி அண்ணனுக்குக் கரண்டியால் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார்.

"முடி வெட்டிட்டு வந்தியா? எங்க?"

சொன்னேன். கரண்டி பாதி வழியில் நின்றது.

"விரல் முழுசா மடங்குதா?"

"மடங்குது அண்ணி. கத்தரி நல்லா ஓடுது. சின்னத் தழும்பு, அவ்வளவுதான்."

"வலி இருக்கிற மாதிரி தெரிஞ்சுதா?"

"இல்ல."

மற்றதை நான் சொல்லவில்லை. அவரும் மேலே கேட்கவில்லை. கரண்டியை அண்ணன் வாய்க்குக் கொண்டுபோனார். அண்ணன் "போதும்" என்றார். அண்ணி கிண்ணத்தைக் கீழே வைத்தார், சுவரில் தலையைச் சாய்த்தார், அப்படியே தூங்கிப்போனார். மணி நாலு. நான் அண்ணனுடைய வாயைத் துடைத்துவிட்டு, கிண்ணத்தை எடுத்துக்கொண்டு சத்தம் வராமல் கழுவப் போனேன்.